ஐந்தாம் எண்ணும் என் கீழுதடும்

ஜூலை 3

உலகம் தோன்றிய நாள் முதல் நடந்த அநியாயங்களை எல்லாம் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, இன்று காலை ஆறேகாலுக்கு எனக்கு நடந்ததை மறுதட்டில் வைத்தால், முதல் தட்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும்.

வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாக ஒழுகிப் பனியனை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் வலது பாதி ஆத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. இடது பாதி, பிளாட்பாரப் பெஞ்சில் தூங்கும் போர்ட்டரைப் போலச் சம்பந்தமே இல்லாமல் கிடந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். பூவாயி என்பது அவள் பெயர். "ஹூஆயி" என்று வந்தது.

"ஏனுங், காத்தாலயே குறும்பா? போயிப் பால் வாங்கிட்டு வாங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. முப்பத்து நாலு வருடத்தில் பாம்பு கடித்ததாக நான்கு முறை, கண் தெரியாமல் போனதாக இரண்டு முறை, ஒரு முறை செத்தே போனதாகவும் நடித்திருக்கிறேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் வந்து பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள்.

டாக்டருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. "பக்கவாதம் இல்லீங்க. முகத்துக்குப் போற நரம்பு ஒண்ணு வீங்கியிருக்குது. ஒண்ணு ரெண்டு மாசத்துல சரியாயிரும்" என்றான். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமை மேல் ஒட்ட பிளாஸ்திரி. இடது கண்ணில் தானாக நீர் வழியுமாம். அது அழுகை அல்ல, நோயின் குணமாம். ரொம்ப நன்றி. பேச்சுப் பயிற்சிக்கு அடுத்த வாரம் இதே ஆஸ்பத்திரியில் மாடிக்கு வர வேண்டும். தினமும் வாய் எப்படி இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும்.

"ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள ஆயிருமா?" என்றேன். "ஆயிருங்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 4

ரயில்வேயில் கார்டாக இருந்தவன் நான். வேலை பார்த்த காலத்து ஜர்னல் ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினைந்து ஏன் முக்கியம் என்று பின்னால் வரும் சரித்திர ஆசிரியர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். போத்தனூர் ரயில்வே காலனி இன்ஸ்டிடியூட் ஹாலில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை ஹவுஸி ஆட்டம் நடக்கும். பையில் தொண்ணூறு மரக்காய்கள். ஒவ்வொன்றாக எடுத்து அதிலுள்ள எண்ணை மைக்கில் சொல்ல வேண்டும். தம் சீட்டில் உள்ள எண்களை எல்லாம் முதலில் அடித்து முடிப்பவர் ஜெயித்தவர். சுதந்திர தினத்தன்று நடப்பது பெரிய ஆட்டம். காலனியே வரும். இருபத்தெட்டு வருடமாக மைக்கில் எண் சொல்வது யார்? இந்தச் சென்னியப்பன்.

இங்கிலீஷ் எண்களை என்னைப்போல் உச்சரிக்க இந்த நிலவுலகில் ஆள் இல்லை. நான் 'டி' என்றால் தண்டவாளத்தில் சுத்தியல் விழும். நான் 'எஃப்' என்றால் அந்தக் காற்றில் பக்கத்து ஸ்டேஷன் இருகூரில் சிக்னல் கை இறங்கும். மேற்கு ஜன்னல் மேல் உள்ள ஒலிபெருக்கி என் தங்கை மயிலாள் வீட்டைப் பார்த்துத்தான் திருப்பிக் கட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்துக்குப் பெருமை சேர வேண்டும் என்று நானே ஏணி போட்டுக் கட்டியது.

இப்போது என் பெயரையே "சென்னியஹ்ஹன்" என்றுதான் சொல்ல முடிகிறது. எனக்குப் பதிலாக டெரன்ஸ் மைக் பிடிக்கப் போகிறானாம். ரிட்டையர்டு என்ஜின் டிரைவர். இருபத்தெட்டு வருடமாக என் நாற்காலியை வெறித்துக்கொண்டிருந்தவன்.

ஜூலை 7

மாடிக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் என் தங்கை மகள் பவானி உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க சார்" என்றாள்.

சார்! நான் இவளுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில் இருந்து என் தொடையில் கிள்ளியவள். இந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை என்று மயிலாள் சொல்லியிருந்தாள். எந்த மாடி, என்ன வேலை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு ஆயிரம் ஜோலி.

பிறக்கும்போதே இவளுக்கு மேலுதடு பிளந்து, அண்ணத்தில் ஓட்டை. தைத்தார்கள், திரும்பவும் தைத்தார்கள். ஆனாலும் பேசினால் காற்று மூக்கு வழியாகப் போய்விடும். 'ப' வராது, 'ம' ஆகிவிடும். 'அப்பா' என்று கூப்பிட்டால் 'அம்மா' என்று விழும். அப்பனும் ஆத்தாளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். தன் பெயரே 'மவானி'தான். ஆனால் 'மாமா' மட்டும் அட்சர சுத்தமாக வரும். அந்தக் குடும்பத்தில் அது சரியாகக் கூப்பிட்ட ஒரே ஆம்பிளை நான்தான்.

அப்படிப்பட்டது இன்று சார் என்கிறது. எப்போதிருந்து மாமா நின்றது என்று வழியெல்லாம் யோசித்தேன். பிடிபடவில்லை. கண்டால் "வாங்க" என்பாள், "சாப்டீங்களா" என்பாள். எதிலும் மாமா இருக்காது. நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஒன்றுமே இல்லை.

சுவரில் ஒரு படம். ஒரு மனிதனின் தலையைப் பலாப்பழம் போலக் குறுக்கே பிளந்து, இங்கிலீஷ் மெய்யெழுத்துகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று காட்டியிருந்தது. 'டி'யும் 'டி'யின் தம்பிகளும் பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனியில். 'கே'யும் 'ஜி'யும் தொண்டைப் பக்கம். அவர்களுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. 'பி', 'எம்' இரண்டுக்கும் இரு உதடும் ஒட்ட வேண்டும். 'எஃப்', 'வி' இரண்டுக்கும் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். எனக்கு வேண்டப்பட்டவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு பாழாய்ப்போன கீழுதட்டில்தான் குடியிருக்கிறார்கள்!

"ஃபைவ் சொல்லுங்க சார்."

யோசித்துப் பார்த்தால் ஃபைவ் ஒரு கொடூரமான ரயில். என்ஜின் 'எஃப்', கடைசி கார்டு வண்டி 'வி'. இரண்டும் கீழுதடு. நடுவில் ஒரு பெட்டி.

"ஹை" என்றேன். என்ஜினும் இல்லை, கார்டும் இல்லை.

அவள் சிரிக்கவில்லை. தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

ஜூலை 9

கார்டு விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். எச்சில்தான் வந்தது. அடுப்படியில் குக்கர் மூன்று முறை ஊதியது. அதை வேண்டுமென்றேதான் செய்தது.

ஜூலை 11

இன்று காகித வைத்தியம். அரை விரல் அகலத்துக்கு மெல்லிய காகிதம் ஒன்றை என் வாய்க்கு முன்னால் பிடித்தாள்.

"நம்ம பம்பரத்துல வர்ற 'ப'வுக்குக் காத்து கம்மிங்க சார். இங்கிலீஷ்ல 'பென்'னு ஆரம்பிக்கறப்போ உதடு பூட்டித் தொறக்கோணும், காத்து வெடிக்கோணும். பேப்பர் ஆடோணும். சொல்லுங்க."

சொன்னேன். காகிதம் கல்யாண வீட்டு மாப்பிள்ளை போல அசையாமல் நின்றது. இன்னொரு முறை. இன்னொரு முறை. இருபதாவது முறை அந்தக் காகிதத்தைப் பிடுங்கித் தின்றுவிடலாமா என்று இருந்தது.

"ஒதட்டோரத்த வெரல்ல அழுத்திப் பிடிச்சுக்குங்க. தொங்கற பக்கத்துக்கு முட்டுக் குடுத்த மாதிரி."

பிடித்துச் சொன்னேன். காகிதம் லேசாகத் தலையசைத்தது. பிறகு அவளே ஒரு முறை சொல்லிக் காட்டினாள். காகிதம் கையிலிருந்து பறந்து ஜன்னலில் போய் ஒட்டியது.

"இது வர உனக்கு எத்தன நாளாச்சு?" என்றேன். சும்மா, பேச்சுக்கு.

"பதினோரு வருசம்ங்க சார்."

வீட்டுக்கு வந்து இதைப் பூவாயியிடம் சொன்னேன். சொன்னதும் அவள் முறத்தைத் தட்டிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். இவர்களுக்கெல்லாம் என் மேல் என்ன கோபம்? நான் அந்தப் பெண்ணைப் பிரபலமாக்கியவன் ஐயா! எழுதுகிறேன், சரித்திரம் தீர்ப்புச் சொல்லட்டும்.

அவளுக்கு ஏழு வயது. பையிலிருந்து காய் எடுக்க ஒரு குழந்தையை மேடையேற்றுவது எங்கள் வழக்கம். அன்று நான் பவானியைத் தூக்கி மேடையில் நிறுத்தினேன். பச்சைப் பாவாடை. முதலில் எடுத்த காயே ஐந்து. கொடுக்கச் சொன்னால், படிக்கத் தெரியும் என்ற பெருமையில் மைக்கில் தானே சொல்லிவிட்டது: "மைம்!"

ஹால் ஒரு நொடி விழித்தது. நான் உடனே மைக்கை வாங்கி, அதே மூக்கோடு, அதே ராகத்தோடு, "மவானி சொல்றாங்க, நம்பர் மைம்!" என்றேன். கூரை பறந்தது. அன்றிலிருந்து இருபது வருடம், எங்கள் ஹாலில் ஐந்து என்ற எண்ணே கிடையாது. காய் வந்ததும் நான் கையை உயர்த்துவேன். முந்நூறு பேர் ஒரே குரலில் "மைம்!" என்பார்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர்கள்கூட, ஏன் எதற்கு என்று தெரியாமலேயே, சேர்ந்து கத்துவார்கள். ஒரு குழந்தைக்கு இதைவிடப் பெரிய கௌரவம் எந்த நாட்டில் நடந்திருக்கிறது?

அதன் பிறகு அவள் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்ததில்லை. படிப்பு.

ஜூலை 18

இந்தப் பக்கத்தில் பேனா கிழித்திருந்தால் அது என் குற்றம் அல்ல.

மாலை ஹவுஸிக்குப் போனேன். போகாதீர்கள் என்றாள் பூவாயி. கழுத்தில் துண்டைச் சுற்றி, இடது பக்கம் தூண் மறைக்கும்படி உட்கார்ந்தேன். மேடையில், என் நாற்காலியில், என் மைக்கின் முன்னால் டெரன்ஸ். கேட்கச் சகிக்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகத்தான் சொன்னான், பாவி.

நாற்பத்து நான்கு வந்தது. டெரன்ஸ் காயைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். வாயை இடது பக்கம் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, "ஹார்ட்டி ஹோர்!" என்றான்.

ஹால் சிரித்தது. சாதாரணச் சிரிப்பா அது! நாற்காலிகள் சிரித்தன, மின்விசிறிகள் சிரித்தன. என்னிடம் இருபது வருடம் பீடி ஓசி வாங்கிய லைன்மேன் பழனியாண்டி தரையில் உருண்டு சிரித்தான். "ஹார்ட்டி ஹோர், ஹார்ட்டி ஹோர்" என்று பின்வரிசை மேளம் கொட்டியது. டெரன்ஸ் மைக்கிலேயே, "கோச்சுக்காத மேன் சென்னி, ஜாலிக்குதான் மேன்!" என்றான்.

எழுந்து வந்துவிட்டேன். வாசல்படி வரை அந்தச் சிரிப்பு பின்னால் வந்தது. ஒலிபெருக்கி வழியாக ரோடு வரை வந்தது. ரயில்வே கேட் வரை வந்தது.

ஒருவனின் நரம்பு வீங்கியதை, அவன் கேட்டா வாங்கினான்? உடம்பில் உள்ள குறையை மைக் போட்டுச் சிரிக்கிறவன் மனிதனா? அவன் நாக்கை அறுத்துச் சிக்னல் கம்பத்தில் கட்ட வேண்டாமா? ஜாலியாம்! அவனுக்கு ஜாலி, எனக்கு? நாளைக்குக் கடைக்குப் போனால் அண்ணாச்சி 'ஹார்ட்டி ஹோர்' என்பான். இனி நான் செத்தாலும் பாடை பின்னால் நாலு பேர் இதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

இதையெல்லாம் வீட்டில் உரக்கச் சொல்லி முடித்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூவாயி தலை நிமிராமல் ஒன்று கேட்டாள்.

"ஏனுங், அஞ்சு வந்தா நீங்க என்ன சொல்வீங்க?"

ஜூலை 20

பசி இல்லை.

ஜூலை 23

ஒரு மனிதன் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம், எதற்கு என்பது இங்கே வேண்டாம். மன்னிப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 'ம', உதடு ஒட்ட வேண்டும். முடிவில் இரண்டு 'ப', உதடு அழுந்த ஒட்ட வேண்டும். என் நிலைமையில் இது ஆகாத காரியம். உதட்டுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறான். ஆகவே விஷயம் தற்காலிகமாக ஒத்தி வைக்கப்படுகிறது.

இந்த முடிவோடு நிம்மதியாகத்தான் மாடி ஏறினேன். அவள் ஒரு பட்டியலை எடுத்து வைத்தாள்.

"ஒதடு இன்னைக்கு ரெஸ்ட் எடுக்கட்டுங்க சார். நாக்குலயே சொல்ற வார்த்தைக மட்டும் பாப்போம். ஒதடே வேண்டாம்."

கீ. டீ. சிட்டி. லாரி. நாலாவதைச் சொல்லிவிட்டு ஐந்தாவதைப் பார்த்தேன்.

ஸாரி.

"சொல்லுங்க சார். 'எஸ்'ஸுக்கு நாக்கு மேல கிட்ட போயிக் காத்து சீறோணும். 'ஆர்'ருக்கு நாக்கு எங்கியுமே தொடாம சுருளோணும். உங்களுக்குச் சுத்தமா வரும்."

தொண்டையைக் கனைத்தேன். தண்ணீர் குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றியது. சொன்னேன்.

"நல்லா வருதுங்க. பத்துத் தடவை சொல்லுங்க."

பத்துத் தடவை சொன்னேன் ஐயா! அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, எண்ணிப் பத்துத் தடவை ஸாரி சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டாள். பத்தும் பயிற்சிக் கணக்கில் போய்விட்டது. ஒன்றுகூட என் கணக்கில் வரவில்லை. இப்படி ஒரு மோசடி எந்த ராஜ்ஜியத்தில் நடக்கும்? ஆறு வாரமாக... இல்லை, மூன்று வாரமாக... சரி, இருபது வருடமாக. அந்தச் சொல்லுக்கு உதடே வேண்டாம் என்று ஒருவனும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூலை 28

இடது புருவம் ஒரு நூல் அளவு அசைகிறது. பதினைந்தாம் தேதி மாலை ஒரு ஆட்டத்துக்காவது நான் மைக் பிடிப்பேன் என்று பவானியிடம் சொன்னேன். "நீயும் வா கண்ணு" என்றும் சொன்னேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் காகிதங்களை ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருமுங்களே சார்" என்றாள்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"நான் அங்க வரோணும்னே இல்லீங்க. சனிக்கெழமையானா அது எங்கூட்டு ஜன்னலுக்கே வந்துரும். பத்தாவது பரிச்சைக்குப் படிக்கறப்போ காதுல பஞ்சு வெச்சுக்குவேன். பஞ்சுக்கும் கேக்கும். நல்ல ஸ்பீக்கருங்க அது." கத்தரியைக் கீழே வைத்தாள். "சரி, 'வி' சொல்லுங்க."

இடது கண்ணில் நீர் வழிந்தது. நோயின் குணம்.

ஆகஸ்ட் 2

மகத்தான யோசனை. இதைப்போல ஒரு யோசனை நியாயமாகப் பார்த்தால் நாட்டை ஆளுகிறவர்களுக்கு வந்திருக்க வேண்டும்.

இன்ஸ்டிடியூட்டில் பேப்பர் படிக்கப் போனவன்போலப் போனேன். ஹவுஸிப் பை மேடை அலமாரியில். சாவி எங்கே தொங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தொண்ணூறு காய்களையும் மேஜையில் கொட்டி, ஐந்தை மட்டும் எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டேன். காய் இல்லாவிட்டால் எண் வராது. எண் வராவிட்டால் எவனும் கத்த மாட்டான். பிரச்சினை வேரோடு போயிற்று. வெற்றி!

ஆகஸ்ட் 4

அந்த மரக்காயைப் பவானியின் மேஜையில் வைத்தேன். ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குக் கோட்டைச் சாவியை வைப்பதைப் போல.

"என்னதுங்க சார் இது?"

"அஞ்சு. இனி வராது."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைபட்டுக் கைபட்டு அதில் எண் பாதி தேய்ந்திருந்தது. முகம் சிவந்தது. அந்த மேலுதட்டுத் தழும்பு மட்டும் வெள்ளைக் கோடாக நின்றது. இருபது வருடத்தில் இவள் குரல் உயர்ந்து நான் கேட்டது இன்றுதான்.

"இத ஒளிச்சு வெச்சா ஆச்சுங்களா? அஞ்சு இல்லாம எப்படிங்க ஆடுவீங்க? யாரோ ஒருத்தரு சீட்டுல அஞ்சு இருக்கும். அவங்க கடைசி வரைக்கும் அஞ்சு வரும் வரும்னு உக்காந்திருப்பாங்க. ஏன் ஜெயிக்கலைன்னே தெரியாம எந்திரிச்சுப் போவாங்க. நான் அப்படித்தான் இருந்துட்டேன். இன்னொருத்தருக்கும் அதயே பண்ணோணுமா?"

"இல்ல கண்ணு, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இத எடுத்துட்டுப் போங்க. நம்பர ஒளிக்க வேண்டாம். நம்பர நம்பரா சொல்லுங்க. அதுக்குத்தான உங்களுக்கு ஒரு மாசமா நான் பேப்பர் பிடிக்கறேன்?"

அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். பயிற்சிகூடத் தரவில்லை. பஸ் ஸ்டாப் வரை கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

ஆகஸ்ட் 6

காயைத் திருப்பி வைக்கப் போனேன். பைக்குள் கை விட்ட நேரத்தில் பின்னால் டெரன்ஸ்.

"காயின் திருடறவன பார்த்திருக்கேன் மேன். திருப்பி வெக்கறவன இப்பதான் மேன் பாக்கறேன்."

எனக்கு வந்த வெறியில் பையோடு அவன் தலையில் போட்டிருப்பேன். ஆனால் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. முழுவதையும் சொல்லிவிட்டது, காகிதம், பஞ்சு, ஜன்னல் எல்லாம். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டான். என் உளறல் புரியாத இடத்தில் "என்னா மேன்?" என்று திரும்பக் கேட்டான். சிரிக்கவில்லை.

"அந்த ஹார்ட்டி ஹோர்..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடு" என்றேன். 'வா'வும் 'மூ'வும் நன்றாகவே வந்தன.

"கடைசி ஆட்டம் உன்னது மேன். ஃபுல் ஹவுஸ். நீதான் மேன் சொல்ற" என்றான்.

ஆகஸ்ட் 12

எஃப் எஃப் எஃப் எஃப். பக்கத்து வீட்டில் பூனை சீறுகிறது என்று புகார்.

ஆகஸ்ட் 15

மாலை ஆறரை. ஹால் நிறைந்து வராந்தா வரை நாற்காலி. டெரன்ஸ் என்னை மேடைக்குக் கூப்பிட்டபோது கைதட்டலோடு ஒரு "ஹார்ட்டி ஹோர்!" வந்தது. விழுங்கிக்கொண்டேன். உட்கார்ந்தேன். வலது கையில் காய், இடது கை விரல் உதட்டோரத்தில். முந்நூறு பேர் முன்னால் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மகாராஜா நான்.

முப்பது, எழுபத்திரண்டு, பதினொன்று, எல்லாம் போயின. ஒவ்வொரு முறை பையில் கை விடும்போதும் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். தேய்ந்த காய், விரலுக்குத் தெரியும். இரண்டு முறை கையில் மாட்டியது. இரண்டு முறையும் விட்டுவிட்டேன். இதை எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதிவிட்டேன். மூன்றாம் முறை மாட்டியபோது, எவரோ ஒருவர் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. எடுத்தேன்.

என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கையை உயர்த்தவே இல்லை. "மைம்!" என்று ஹால் அதிர்ந்தது.

சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்தேன். விரலால் முட்டுக் கொடுத்தேன்.

"ஃபைவ்."

என்ஜின் கிளம்பியது. கார்டு வண்டி கொஞ்சம் ஒழுகிக்கொண்டே வந்து சேர்ந்தது. ஹால் சிரித்தது. நோயாளி தடுமாறுகிறான் என்று நினைத்து, எனக்கு உதவுவதற்காக, இன்னும் ஓங்கி "மைம்!" என்றது.

"அது இல்லீங்க" என்றேன். "இது ஃபைவ். இருவது வருசத்துக்கு முன்னால ஏழு வயசுப் புள்ள ஒண்ணு இந்த நம்பர இந்த மைக்குல படிச்சுது. அண்ணத்துல ஓட்டை, அதனால அப்படி வந்துது. அதப் பிடிச்சுச் சிரிச்சது நானு. உங்களையுஞ் சிரிக்க வெச்சது நானு. உங்க மேல தப்பில்ல. இனிமே இந்த ஹால்ல ஒருத்தரும் அப்படிக் கத்தக் கூடாது. கத்தறதுன்னா என்ற வாயப் பாத்துக் கத்துங்க. நல்லாக் கோணியிருக்குது, ரொம்ப நாளைக்கு வரும்."

நான் நாற்காலியைத் திருப்பி மேற்கு ஜன்னல் பக்கம், ஒலிபெருக்கி பார்க்கும் பக்கம், பார்த்து உட்கார்ந்தேன்.

"பவானி" என்றேன். விரலை அழுத்தி, இரண்டு உதடும் ஒட்டி, 'ப' ஆகவே வந்தது. "ஸாரி கண்ணு."

இது பதினோராவது. ஆனால் இதற்கு டிக் போட அங்கே யாரும் இல்லை.

வராந்தாவிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "அண்ணா, அஞ்சு அடிச்சாச்சுங். அடுத்தத எடுங்க, டீ ஆறுது" என்றார். எடுத்தேன். அறுபத்தெட்டு.

ஆட்டம் முடிந்ததும் ஏணி கேட்டேன். டெரன்ஸ் கீழே பிடித்துக்கொண்டான். மேற்கு ஜன்னல் ஒலிபெருக்கியை அவிழ்த்துக் குட்ஸ் ஷெட் பக்கம் திருப்பிக் கட்டினேன். இறங்கும்போது, "இருபத்தெட்டு வருசமா எனக்கு இதத் திருப்ப ஆசை மேன், எங்கூட்டுக்கும் கேக்கும்" என்கிறான். இவனை என்றைக்காவது கொல்லாமல் விட மாட்டேன்.

ஆகஸ்ட் 18

மாடி ஏறினேன். படியில் நான்கு முறை நின்றேன். மூச்சு வாங்கியது, வேறொன்றுமில்லை.

அதே மேஜை, அதே பிளந்த தலைப் படம். என்னைக் கண்டதும் காகிதத்தை எடுத்து என் வாய்க்கு முன்னால் பிடித்தாள்.

"சொல்லுங்க."

"ஃபைவ்."

காகிதம் நன்றாகவே ஆடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது நின்ற பிறகும்.

"சனிக்கெழமை... ஸ்பீக்கர்ல கேட்டுதா?" என்றேன்.

"கேட்டுதுங்க."

அவ்வளவுதானா? நான் முந்நூறு பேர் முன்னால், சுதந்திர தினத்தன்று, சாம்ராஜ்யத்தையே காலடியில் வைத்திருக்கிறேன். கேட்டுதுங்களாம்!

"எஃப் பரவால்லீங்க. 'வி' இன்னும் ஒழுகுது" என்று குறித்துக்கொண்டாள். பரவாயில்லையாம்! இருகூர் சிக்னலை இறக்கிய எஃப், பரவாயில்லையாம்! இருபத்தெட்டு வருடப் புகழை இந்தப் பெண் ஒரு தாளில், பென்சிலில், பரவாயில்லை என்று எழுதி மூடினாள். அவமானத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன்.

"வியாழக்கெழமை மறந்துராம வந்துருங்க, மாமா."

இரண்டு உதடும் ஒட்டின. காற்று மூக்கு வழியாகப் போயிற்று. மறுபடி ஒட்டின. படத்தில் போட்டிருக்கிறபடியேதான். அண்ணத்தில் ஓட்டை இருந்தபோதே அவளுக்குச் சுத்தமாக வந்த சொல்.

"ம்" என்றேன். அதற்கும் உதடு ஒட்ட வேண்டும். ஒட்டியது.

இடது கண்ணில் நீர் வழிவது நோயின் குணம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டான், சரி. வலது கண்ணுக்கு என்ன கேடு? அந்தப் பக்க நரம்பு நன்றாகத்தானே இருக்கிறது? நாளைக்கே அந்தப் பொடியன் டாக்டரைப் போய் நாலு கேள்வி கேட்கப் போகிறேன்.